கோட்டின் அகலம்

மோர்கன்டவுனில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே மொனோங்கஹேலா
உடைந்த பனிக்கட்டிகளைச் சுமந்துகொண்டு
மெதுவாக வடக்கே போகிறது.
உள்ளே நான்,
இருநூற்றைம்பது அடி ஆழத்தில்.

என் திரையில் நிலக்கரி கறுப்பாக இருப்பதில்லை.
தோண்டி முடித்தது சாம்பல்,
தோண்டாதது பச்சை,
எவருக்கும் நிச்சயமில்லாதது
விட்டுவிட்டு ஒரு புள்ளிக்கோடு.

மலைச்சரிவில் படுகை வெளியே தலைகாட்டும் இடமெல்லாம்
ஓடைக்கு ஓடை உள்ளே போய் வெளியே வந்து
கை நடுங்கப் பிழிந்த முறுக்குபோல் ஓடுகிறது அதன் விளிம்பு.
ஒரு சொடுக்கு, இன்னொரு சொடுக்கு.
பிப்ரவரி முழுக்க
ஒரே ஓடையைத்தான் சுற்றினேன்.

பக்கத்துக் கவுண்டி எல்லையில் நிலக்கரி
கத்தியால் வெட்டிய அல்வாபோல் நேராக நின்றிருந்தது.
பூமிக்குக் கவுண்டி தெரியாதே என்றேன்.
லோரன் சிரிக்காமல் சொன்னார்:
"அந்த வருடத்துப் பணம் அங்கேதான் தீர்ந்தது."

துளைப்பதிவுகள் பெட்டி பெட்டியாக வந்தன.
பென்சில் எழுத்து, பாதி அழிந்தது.
ஐந்தடி நான்கு அங்குலம். நடுவே களிமண், விரல் தடிமன்.
மழை. நிறுத்திவிட்டோம்.
கரி இல்லை.
இதை எழுதியவன்
அறுபதடி முன்னாலேயே கம்பியைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான்.
அவன் நிறுத்திய இடத்துக்குக் கீழே
மூச்சுக் காட்டாமல் கிடந்திருக்கிறது படுகை.

கரி என்றால் தமிழில் சாட்சி என்றும் ஒரு பொருள்.
என் சம்பளம் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.
பொய்க்கரியும் பதிவேட்டில் ஏறிவிடும்,
ஒவ்வொரு துளையையும் கூண்டில் நிறுத்தி
அண்டைத் துளை சொன்னதோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.
சில சமயம் இரண்டுமே உளறும்.

ஒருமுறை, 1923இல் துணியில் வரைந்த படமொன்றில்
வட்டமாக ஒரு சுரங்கத்தைக் கண்டு
இருபத்திரண்டு ஏக்கர் என்று பதிந்தேன்.
மூன்று நாள் கழித்துத் தெரிந்தது,
யாரோ காப்பிக் கோப்பை வைத்த தடம்.
நீக்க மனம் வரவில்லை.
நீக்கினேன்.

வியாழக்கிழமை டாரிஸ் ஹவ்ராநெக் கூப்பிட்டார்.
நிலவறைக் கதவு நவம்பரிலிருந்து மூடவில்லையாம்.
காப்பீட்டுக்காரன் கடிதம் கேட்கிறானாம்.
"என் வீட்டுக்கு அடியில் வெட்டியிருக்கிறார்களா?
ஆமா, இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லம்மா."

முகவரியைத் தட்டினேன்.
சிவப்புப் புள்ளி சரியாகச் சாம்பலின் விளிம்பில் விழுந்தது.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
எவ்வளவு நெருங்கினாலும் கோடு
மயிரிழையாகவே இருந்தது.
கணினி வாய்கூசாமல் சொல்லும் பொய் அது.

காகிதத்தில் அந்தக் கோடு
அரை மில்லிமீட்டர் பேனா.
இருபத்து நாலாயிரத்தில் ஒன்று என்ற அளவில்
நிலத்தில் அது பன்னிரண்டு மீட்டர்.
அவர் சமையலறை, அடுப்பு, நாய் படுக்கும் மூலை,
மூடாத அந்தக் கதவு
எல்லாமே மையின் அகலத்துக்குள்.

"உங்கள் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை,
அந்தப் பக்கமும் இல்லை" என்றேன்.
வெகுநேரம் ஃபோனில் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம்.
பிறகு கேட்டார்:
"கோடு போட்டவன்
எந்தப் பக்கம் நின்றுகொண்டு போட்டான்?"

வெள்ளி மாலை, எல்லோரும் போனபின்,
அந்தக் கோட்டின் இருபுறமும்
ஆறாறு மீட்டர் வெளிறிய பட்டை பூசினேன்.
யாரும் கேட்கவில்லை.
நம்பகத்தன்மை என்ற கட்டத்தில்
இரண்டே விடைகளுக்கு அனுமதி:
உறுதி, ஊகம்.
மூன்றாவதாக ஒன்றைத் தட்டச்சு செய்தேன்:
கதவு மூடவில்லை.

திங்கட்கிழமை லோரன் கண்ணில் படும், எடுத்துவிடுவார்.
சனி, ஞாயிறு மட்டும்
அது வரைபடத்தில் இருக்கும்.